மழைநீரின் வரவும் செலவும்

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய பட்டினப்பாலையை இவ்வாண்டு யாம் பாடங்கேட்டு வருங்கால் ஓரிடத்திற் சிறிது நின்றோம். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே கடல்வழியாக வந்திறங்கும் பொருள்களும், நாட்டினின்று கடலுக்குச் செல்லும் பொருள்களும் அளவின்றிக் குவிந்து கிடக்கின்றன. சுங்கங் கொள்வோர் அவற்றின்மேற் புலிச்சின்னம் பொறித்துக் காவல் புரிகின்றனர். அவ்வரவுக்கும் செலவுக்கும் ஓர் உவமை தேடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், கடல்நீர் முகிலாகி மலையேறுதலையும், பெய்த நீர் திரும்பவும் கடலை அடைதலையும் எடுத்துக் காட்டுகின்றார்.

ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே நம் புலவர் நீரின் சுழற்சியை அறிந்திருந்தனர் என்று மகிழ்வது எளிது. எமக்கோ அவ்விடத்தில் ஒரு வினா எழுந்தது. வணிகத்தில் வரவும் செலவும் மட்டும் இருந்தாற் போதுமா? இடையே பண்டகசாலை ஒன்று வேண்டுமன்றோ? வந்த சரக்கு வந்த பொழுதே துறையை விட்டுப் போய்விடின் பட்டினத்தார் எதனை உண்பர், எதனை விற்பர்? மழைநீரின் கணக்கும் இத்தகையதே. வானினின்று வரும் வரவும் கடலுக்குச் செல்லும் செலவும் இன்றும் நிகழ்கின்றன. இவ்விரண்டற்கும் இடையில் அந்நீர் நிலத்திலே தங்கியிருக்கும் காலமே மக்களையும் மாக்களையும் மரங்களையும் வாழவைக்கின்றது. அக்காலம் நம் கண்முன்னரே குறுகிவருகின்றது. திருவள்ளூர் மாவட்டத்தையும் அதன் வடபாலுள்ள கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியையும் சான்றாகக்கொண்டு இதனை விளக்க முயல்கின்றோம்.

நீர் தங்கும் இடங்கள்

பூமியிலுள்ள நீர் முழுவதையும் நூறு பங்காக்கின் ஏறத்தாழ 97½ பங்கு உப்புநீராம். எஞ்சிய 2½ பங்கே நன்னீர். அந்நன்னீரிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டது துருவங்களிலும் உயர்மலைகளிலும் பனியாய் உறைந்து கிடக்கின்றது. ஏறக்குறைய முப்பது சதவீதம் நிலத்தின் அடியில் உள்ளது. நாம் கண்ணாற் கண்டு நீரென்று போற்றும் ஆறும் ஏரியும் நன்னீரில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆயினும் நிலத்து உயிர்களிற் பல அச்சிறு பங்கையே நம்பி வாழ்கின்றன.

கதிரவன் வெம்மையால் கடல்நீர் ஆவியாகின்றது. அது குளிர்ந்து முகிலாகி மழையாகப் பெய்கின்றது. பெய்த நீரில் ஒரு பகுதி மரஞ்செடிகளின் இலைவழியாகவும் ஈரமண்ணிலிருந்தும் மீண்டும் ஆவியாகின்றது. ஒரு பகுதி மேற்பரப்பில் ஓடி ஆற்றை அடைகின்றது. ஒரு பகுதி மண்ணுட் புகுந்து கீழிறங்குகின்றது. இவ்வளவும் பள்ளிச் சிறுவரும் அறிவர். எந்த இடத்தில் நீர் எத்துணைக் காலம் தங்குகின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வானத்தில் ஆவியாய் நிற்கும் நீர் சராசரியாக 9 அல்லது 10 நாள்களே அங்கிருக்கின்றது. சிற்றாற்றில் இறங்கிய நீர் சில நாள்களில் அல்லது சில வாரங்களிற் கடல் சேர்கின்றது. மண்ணுள் ஆழ இறங்கிய நீரோ ஆண்டுக்கணக்காகவும், சிலவிடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகவும் தங்கவல்லது. ஆகலின் ஓடும் நீரைத் தடுத்து மண்ணுட் புகுத்துதல், சில நாள் நின்று போகவந்த விருந்தினரைப் பல்லாண்டு நம்முடன் இருத்திக்கொள்வதை ஒக்கும்.

திருவள்ளூர் நாட்டின் இயல்பு

முன்னர்ச் செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதியாயிருந்து 1997-ஆம் ஆண்டில் தனி மாவட்டமான திருவள்ளூரில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. ஆந்திர நாட்டு மலைகளிற் பிறந்து ஊத்துக்கோட்டை வழியே பழவேற்காட்டை நோக்கிச் செல்லும் ஆரணியாறும், பூண்டியைக் கடந்து எண்ணூர்க் கழிமுகத்திற் கலக்கும் கொசஸ்தலையாறும், கூவமும் மழைக்காலத்தில் மட்டும் பெருகுவன. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழித் திங்கள்களில் வடகிழக்குப் பருவக்காற்றினாற் பெய்வது. அதுவும் நாள்தோறும் பெய்வதில்லை. சில புயல்களிலும் சில தாழ்வுநிலைகளிலும் ஆண்டின் பாதி மழை கொட்டித் தீர்ந்துவிடுதல் உண்டு. எஞ்சிய மாதங்கள் முழுவதும் அச்சில நாள்களின் சேமிப்பைக்கொண்டே இந்நாடு வாழவேண்டும்.

இங்ஙனம் மக்கள் இங்கு நெடுங்காலம் வாழ்ந்தும் வந்திருக்கின்றனர். பூண்டிக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-ஆம் ஆண்டில் இராபர்ட் புரூசு பூட்டு என்னும் நிலநூலறிஞர் பழைய கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவ்விடத்தை அண்மைக்காலத்தில் மீண்டும் அகழ்ந்து ஆராய்ந்தோர், அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகட்கு முற்பட்டன என்று 2011-இல் வெளியிட்டனர். மனித இனத்தார் கொசஸ்தலையாற்றின் பக்கத்திலமர்ந்து கல்லைச் செதுக்கிய காலம் அத்துணைத் தொன்மையானது.

இந்நாட்டுக்கு இயற்கை அளித்த பண்டகசாலை மணல். முற்காலத்துப் பாலாறு இவ்வழியே ஓடிக் கடல் புகுந்தது என்று நிலநூலார் கருதுவர். அப்பேராறு விட்டுச்சென்ற மணலடுக்குகள் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய ஊர்களின்கீழ் ஆழப் பரந்துள்ளன. பெய்த மழை அம்மணலுள் இறங்கிக் கிணறுகளிற் சுரந்தது.

முன்னோர் அமைத்த பண்டகசாலை ஏரி. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே வழங்கினர். மேட்டூர் ஏரியின் கலங்கல் வழிந்தால் அந்நீர் கால்வழியே கீழூர் ஏரியை நிறைக்கும்; அது நிறைந்து அடுத்ததை நிறைக்கும். இவ்வாறு ஒரு துளி நீர் கடலை அடையுமுன் பத்து ஊர்களில் தங்கிச் செல்லுமாறு ஏரிகளைத் தொடராக அமைத்திருந்தனர். உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் முதற் பராந்தக சோழன் காலத்தில் ஏரிவாரியம் என்ற ஒரு குழுவே இருந்ததைத் தெரிவிக்கின்றன. ஊரார் குடவோலையால் தேர்ந்தெடுத்த அக்குழுவினர் ஏரியைக் காத்தனர். அதற்கும் பன்னூறாண்டு முன்னர், புறநானூற்றுப் பதினெட்டாம் பாட்டிலே, குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் கூறிய அறிவுரையும் பள்ளமான இடங்களில் நீரைத் தேக்குக என்பதேயாம். போரில் வென்ற வேந்தனுக்கு நீர்நிலை அமைக்குமாறு புலவர் கூறியது, நீரைத் தங்கவைத்தலே அரசின் முதற்கடமை எனக் கருதியமையாலன்றோ?

கீழிருந்து இறைத்தது

சென்னை நகரத்தின் தாகம் வளர்ந்தபோது அது வடக்கு நோக்கியது. 1872-ஆம் ஆண்டில் செங்குன்றத்து ஏரிநீர் கால்வாய்வழியே நகருக்குச் சென்றது. 1944-இல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. நகரத் தலைவராயிருந்து அதற்காக உழைத்த சத்தியமூர்த்தியின் பெயர் அதற்கு இடப்பட்டுள்ளது. ஏறத்தாழ 323 கோடி கன அடி நீர் அதிற் கொள்ளும். இதுகாறும் நிகழ்ந்தது மேற்பரப்பு நீரைத் தேக்கிக் கொண்டுசெல்லுதல்.

1960-க்குப் பின்னர் மணலின் அடியிலுள்ள நீரை நோக்கிக் குழாய்கள் இறங்கின. ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1966 முதல் 1969 வரை நடைபெற்ற ஆராய்ச்சியின் பயனாக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களிற் கிணற்றுத் தொகுதிகள் அமைந்தன. நகரத்துக்கும் வடசென்னைத் தொழிற்சாலைகளுக்கும் நீர் சென்றது. உழவரும் மின்பொறிகளைக்கொண்டு முப்போகத்துக்கு இறைத்தனர். வறண்ட ஆண்டுகளில் உழவரின் கிணற்றுநீரையே நகரம் விலைகொடுத்து வாங்கியதும் உண்டு. மழை ஓராண்டில் இட்ட சேமிப்பினும் மிகுதியாக ஆண்டுதோறும் எடுக்கப்பட்டது.

இதன் விளைவை அறிதற்கு இயற்கை நூலின் விதி ஒன்றை ஈண்டுக் கூறுதல் வேண்டும். உப்புநீர் நன்னீரினும் சிறிது கனமானது. 40 பங்கு நன்னீரின் எடைக்குத் 39 பங்கு கடல்நீர் ஈடாகும். ஆதலின் கடற்கரை நிலத்தடியில் நன்னீர் மேலாகவும் உப்புநீர் கீழாகவும் நிற்கும். கடல்மட்டத்துக்குமேல் நன்னீர் ஓர் அடி உயர்ந்து நிற்பின், அதன் எடை கீழுள்ள உப்புநீரை ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு அழுத்திவைக்கும். பேடன் கைபன் என்ற ஒல்லாந்தரும் எர்சுபெர்க்கு என்ற செருமானியரும் தனித்தனியே கண்டறிந்த விதி இது. இதனை மறுபுறம் திருப்பிப் பார்மின்! மேலே ஓர் அடி நன்னீர் குறைந்தாற் கீழே 40 அடி உப்புநீர் ஏறிவர இடமுண்டாகும். களிமண் அடுக்குகளும் இறைக்கும் வேகமும் இக்கணக்கை இடத்துக்கிடம் மாற்றுமாயினும் அதன் போக்கு மாறாது. கடற்கரை ஊரார் கிணற்றிலிருந்து எடுப்பது நீரை மட்டுமன்று. கடலைத் தடுத்துநிற்கும் மதிலின் கற்களையும் அவர்கள் உடன் எடுக்கின்றனர்.

மீஞ்சூர்ப் பகுதியில் நிகழ்ந்தது அதுவே. 1969-இல் கரையிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் நின்ற உப்புநீர், 1983-இல் 7 கிலோமீட்டரும் 1987-இல் 9 கிலோமீட்டரும் உள்நாட்டில் நுழைந்துவிட்டது. அவ்வாண்டிலேயே சென்னையைச் சூழ்ந்த பகுதியின் நிலத்தடி நீரைக் காக்கச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆயினும் உப்பு அதன்பின்னும் முன்னேறியது.

எம் தாயைப் பெற்ற பாட்டியார் அப்பக்கத்துச் சிற்றூரொன்றில் வாழ்கின்றார். அவர் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவ்வீட்டுப் புறங்கடைக் கிணற்று நீரிற் பருப்பு ஒரு கொதியில் மலர்ந்து வேகுமாம். பின்னர்ச் சிறிது சிறிதாக வேகத் தாமதித்தது, விறகு மிகுதியாயிற்று. சோப்பு நுரைக்கவில்லை. பின்னர் முருங்கையின் இலைநுனி கருகியது. நாவிலே கரிப்புத் தெரிந்தது இவற்றுக்கெல்லாம் பின்னரே. ஒருநாள் பாட்டியார் கிணற்றுக் கயிற்றைச் சுருட்டிப் பரணில் வைத்துவிட்டார். இப்பொழுது தெருவில் வரும் வண்டியிலிருந்து பெரிய பிளாஸ்டிக்குக் கேன்களில் குடிநீர் வாங்குகின்றார். கடலிலிருந்து உப்பு வந்ததென்று அவருக்கு ஒருவரும் கூறவில்லை. அடுப்பங்கரையிலிருந்தபடியே அவர் அதன் வருகையை ஆண்டாண்டாகக் கணித்துவைத்திருந்தார்.

மேலே மூடியது

அடியிலுள்ள சேமிப்புக் குறைந்தாலும் மேலிருந்து புதுநீர் இறங்குமாயின் குறை ஒருவாறு நிறையும். அவ்வழியையும் நாம் அடைத்துவருகின்றோம்.

1971-இல் தோன்றிய தமிழ்நாட்டு அரசின் சிப்காட் நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை அமைத்தது. இரும்புருக்காலைகளும், கம்பி உருட்டும் ஆலைகளும், வார்ப்படச் சாலைகளும், இரசாயனச் சாலைகளும் அங்குப் பெருகின. இவற்றை இகழ்ந்துரைப்பது எம் கருத்தன்று. எம் சிற்றப்பனார் அங்கு ஓர் உருட்டாலையிற் பணிபுரிந்து பெறும் ஊதியத்தாலேயே யாம் இக்கல்லூரியிற் பயில்கின்றோம். ஏர்பிடித்த பல குடும்பங்கட்கு மழை பொய்த்த ஆண்டுகளில் சோறிட்டவை அவ்வாலைகளே. ஆயினும் நன்றியுடையோரும் கணக்கைச் சரியாக எழுதவேண்டும்.

காய்ந்த இரும்பைக் குளிர்விக்க நீர் வேண்டும். அந்நீரிற் பெரும்பகுதி ஆவியாகி வானிற் போய்விடுகின்றது. அது மீண்டும் மழையாகும் என்பது மெய்யே. எங்கே மழையாகும் என்பதற்கு உறுதியில்லை. எஞ்சிய நீர் செம்மையாகத் தூய்மை செய்யப்படாது வெளிவிடப்படின், அது கலக்கும் நீரையும் கெடுத்துவிடும். கெட்ட நீர் அளவிற் குறையாதிருப்பினும் பயனிற் குறைந்ததே. இரு பானை நன்னீரில் ஒரு குவளை நஞ்சு கலந்தால் நமக்கு மிஞ்சுவது எத்தனை பானை?

இனிக் கூரையும் தளமும் செய்யும் மாறுதலைக் காண்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்யின் அது ஒரு லிட்டர் நீராகும். ஆகவே ஒரு ஹெக்டேர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 10 லட்சம் லிட்டர் நீர் சேரும். அந்நிலம் புல்வெளியாயிருப்பின் நீரிற் பெரும்பகுதி வேர்வழியே மண்ணுட் புகும். எஞ்சியது மெல்ல வழியும். அந்நிலமே சிமெண்டுத் தளமும் தகரக் கூரையுமாயின் ஏறக்குறைய அவ்வளவு நீரும் அப்பொழுதே ஓடிவிடும். மண்ணுக்கு அது வறட்சி. பள்ளத்திலுள்ள குடிசைகளுக்கு அதுவே வெள்ளம். ஒரே தளம் இரண்டையும் விளைக்கின்றது.

தேர்வாய்கண்டிகையில் இவ்விரு முகங்களையும் ஒருங்கே காணலாம். அங்கு ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்ச்சல்நிலம் தொழிற்பேட்டையாயிற்று. ஆடுமாடுகட்குப் புல்லும் ஏரிகட்கு வரத்துநீரும் அளித்த நிலம் அஃது என்று ஊரார் நெடுநாள் எதிர்த்து நின்றனர். அவ்வூர் ஏரியையும் கண்ணன்கோட்டை ஏரியையும் இணைத்து 50 கோடி கன அடி கொள்ளும் புதிய நீர்த்தேக்கம் ஒன்று 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. பூண்டிக்குப் பின்னர்ச் சென்னைக்காகப் புதிதாக எழுந்த நீர்த்தேக்கம் அது. ஒரு கையால் நீர் புகும் நிலத்தை மூடி, மற்றொரு கையால் நீர் தங்கும் இடத்தை அகழ்ந்திருக்கின்றோம். இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிக் கழித்துப் பார்த்தாலன்றி ஆதாயமா நட்டமா என்று கூறவியலாது.

ஆற்றின் முடிவிலும் தடையுண்டு. எண்ணூர்க் கழிமுகம் அகன்ற சதுப்பும் உப்பளமுமாய் வெள்ளத்தைப் பரப்பி வாங்கிக்கொள்ளும் இடமாயிருந்தது. அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்தும், கட்டடங்கட்காக மண் கொட்டப்பட்டும் அவ்விடம் ஒடுங்கிவிட்டது. மேலே விரைந்து ஓடிவரும் நீர் கீழே செல்ல வழியின்றி ஊர்களுட் புகுகின்றது.

வானமும் மாறியது

இவையெல்லாம் நிலத்தில் நாம் நேரே செய்தவை. வானத்தையும் மறைமுகமாக மாற்றிவிட்டோம். தொழிற்புரட்சிக்கு முன்னர்க் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காயிருந்த கரியமில வாயு இன்று 420 பங்கையும் கடந்துள்ளது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததன் விளைவு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிடின், 2011 முதல் 2020 வரையுள்ள பத்தாண்டில் உலகத்தின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 1.1 செல்சியசு பாகை உயர்ந்திருந்தது.

ஒரு பாகை என்பது சிறிதாகத் தோன்றலாம். ஆயின் வெப்பம் ஒரு பாகை உயருந்தோறும் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் மிகுதியான ஆவியைத் தாங்கவல்லதாகின்றது. பெரிய பாத்திரம் நிறைய நேரம் மிகுதி. கவிழ்ந்தாற் கொட்டும் நீரும் மிகுதி. ஆகவே மழையில்லா நாள்களில் ஏரியும் மண்ணும் விரைந்து உலர்கின்றன. மழை வரும் நாள்களில் அது பெருமழையாய்க் கொட்டும் வாய்ப்பு மிகுகின்றது. மெல்லப் பெய்யும் மழையே மண்ணுள் மிகுதியாக இறங்கும். கொட்டும் மழை மேலோடிப் போய்விடும். மேலும் 1901 முதல் 2018 வரையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. முன்னர்க் கூறிய உப்புநீரின் எல்லையை அதுவும் உள்நோக்கித் தள்ளுவதேயாம்.

எந்தவொரு புயலையும் எந்தவொரு வறட்சியையும் காட்டி இது முழுவதும் வெப்ப உயர்வால் விளைந்தது என்று கூறுதல் முறையன்று. வடகிழக்குப் பருவமழை என்றும் நிலையற்றதே. ஆயினும் அண்மை ஆண்டுகளை வரிசையாக நோக்குவோம். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்து சென்னை மூழ்கியது. மறு ஆண்டு, 2016-இல், தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தினும் 62 சதவீதம் குறைந்தது. 2019 சூனில், மொத்தம் 1,100 கோடி கன அடிக்குமேற் கொள்ளத்தக்க பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் ஏறத்தாழ முற்றும் வறண்டன. சூலையில் சோலையார்பேட்டையிலிருந்து புகைவண்டியில் நீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்சாங் புயல்மழையால் ஆறுகள் கரைபுரண்டன. எண்ணூர்க் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் பரவி மீனவரின் வலைகளையும் படகுகளையும் கருமையாக்கியது.

2019 கோடையில் பாட்டியார் ஊரில் கோயிலிலும் பள்ளிவாசலிலும் எம் ஆலயத்திலும் மழை வேண்டி மன்றாடினர். யாமும் முழந்தாளிட்டு வேண்டினோம். மழையும் பின்னர் வந்தது. வந்த மழை ஊரில் எங்கே தங்கிற்று என்று யாம் அன்று கேட்கவில்லை. விருந்தினரை வருக வருக என்று அழைத்துவிட்டுத் திண்ணையில் இடமில்லாதபடி பொருள்களை அடுக்கிவைத்திருந்தோம்.

வாங்கிய நீரும் வடித்த நீரும்

தொலைவிலிருந்து நீர் கொண்டுவரலாமே என்பர் சிலர். 1983-இல் ஆந்திர நாட்டோடு செய்த உடன்படிக்கையின்படி கிருட்டிணையாற்று நீர் ஆண்டுக்கு 1,200 கோடி கன அடி வரை சென்னைக்கு வரவேண்டும். 1996-இல் அந்நீர் முதன்முறையாகப் பூண்டியை அடைந்தது. பெரிய முயற்சி அது. பல ஆண்டுகளில் நகரைக் காத்தும் உள்ளது. ஆயின் நமக்கு மழை பொய்க்கும் ஆண்டில் அண்டை நாட்டுக்கும் பொய்த்தல் இயல்பு. கடன் கொடுப்பவரும் கடன்பட்டவரும் ஒரே பஞ்சத்தில் வாடினால் கடன் எங்ஙனம் கிடைக்கும்?

கடல்நீரை நன்னீராக்கலாமே என்பர் வேறு சிலர். 2010-இல் மீஞ்சூருக்குக் கிழக்கே காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் வடிக்கும் நிலையம் தொடங்கியது. கடலின்மேல் மழை பொய்த்தாலும் அது பொய்க்காது. அந்நன்மையை மறுத்தல் தகாது. ஆயினும் கதிரவன் கூலியின்றிச் செய்யும் தொழிலை மின்சாரங்கொண்டு செய்கின்றோம். அம்மின்சாரம் நிலக்கரியிலிருந்து வரின் அதன் புகை வானத்தை மேலும் வெப்பமாக்கும். வடித்தபின் எஞ்சும் கடுமையான உப்புநீரும் கடலுக்கே திரும்புகின்றது. உப்பேறிய கிணறுகள் நிறைந்த ஊர்களின் பக்கத்திலேயே கடல்நீரை இனிப்பாக்கும் நிலையம் நிற்பதைக் காணுங்கால், இலவசமாகக் கிடைத்ததைக் கெடுத்துவிட்டு விலைகொடுத்து மீட்கின்றோம் என்பது புலனாகும்.

செய்யத்தக்கன

மழையைப் பெய்விக்க நம்மால் இயலாது. அது தங்குங்காலத்தை நீட்டிக்க இயலும். அதற்குச் சிலவற்றைக் கூறி முடிப்போம்.

முதலாவது, ஏரிகளின் வரத்துக்கால்களைக் காத்தல். ஏரியைத் தூர்வாரினாலும், அதற்கு நீர்கொணரும் காலின்மேல் வீடும் சாலையும் எழுந்துவிட்டால் ஏரி வெறும் பள்ளமே. தமிழ்நாட்டரசு 2017-இல் பழைய குடிமராமத்து முறையைப் புதுப்பித்தது. ஊரார் அதனைத் தம் பணியாகக் கருதினாலன்றி அது நிலைக்காது.

இரண்டாவது, ஆற்றின் குறுக்கே சிறு தடுப்பணைகள் கட்டுதல். ஆரணியாற்றில் பாலேசுவரத்தருகே கட்டப்பட்ட தடுப்பணையைச் சூழ்ந்த கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்ததையும் நீரின் தன்மை தேறியதையும் ஆராய்ச்சியாளர் அளந்து காட்டியுள்ளனர். முன்னர்க் கூறிய விதியின்படி, மேலே ஏறும் ஒவ்வோர் அடி நன்னீரும் கீழே உப்பைப் பன்மடங்கு பின்தள்ளும்.

மூன்றாவது, ஆலைகளுக்கு நன்னீருக்கு மாறாக, நகரத்தின் கழிவுநீரைத் தூய்மைசெய்து அளித்தல். கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4½ கோடி லிட்டர் கழிவுநீரை அங்ஙனம் செம்மையாக்கி வடசென்னைத் தொழிற்சாலைகட்கு அனுப்பும் நிலையம் 2019-இல் தொடங்கியது. இம்முறை கும்மிடிப்பூண்டி வரையில் விரியுமாயின், உருக்காலையும் உழவனும் ஒரே கிணற்றுக்குப் போட்டியிட வேண்டுவதில்லை.

நான்காவது நம் வீட்டுக் கூரையில் உள்ளது. மழைநீர் சேமிப்பு அமைப்பு எல்லாக் கட்டடங்கட்கும் வேண்டுமென 2003-இல் தமிழ்நாட்டிற் சட்டமாயிற்று. நூறு சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் மழை பெய்யின் 1,20,000 லிட்டர் நீர் விழும். நம் கல்லூரிக் கட்டடங்களின் கூரைப்பரப்பை அளந்து இக்கணக்கை எழுதிப் பார்க்குமாறு இயற்கைநூல் மாணவ நண்பர்களை வேண்டுகின்றோம். குழாய்கள் அடைபட்டுள்ளனவா என்று பார்க்கும் பணியைத் தமிழ் மாணவராகிய யாம் ஏற்றுக்கொள்வோம்.

சென்ற ஆண்டு பாட்டியார் ஊர் இளைஞர் சிலர் கூடி ஊருக்கு மேற்கேயுள்ள சிற்றேரியின் வரத்துக்காலைத் திருத்தினர். கார்த்திகை மழையில் அது பல்லாண்டுக்குப் பின்னர் நிறைந்து கலங்கல் வழிந்தது. கிறிஸ்துமசு விடுமுறைக்கு யாம் சென்றபோது பாட்டியார் பரணிலிருந்த கயிற்றை எடுத்துத் தருமாறு பணித்தார். வாளியை இறக்கி நீர் மொண்டு கையில் ஏந்தி நாவில் வைத்துப் பார்த்தார். கரிப்பு நீங்கிற்றா என்று வினவினோம். இன்னும் கரிக்கின்றது; ஆயினும் முன்னளவு இல்லை என்றார். பின்னர் ஒரு பிடி பருப்பை அந்நீரிலிட்டு அடுப்பில் ஏற்றினார். அது முழுதும் வேகவில்லை. வெந்தவரையில் எங்களுக்கு இட்டு, அடுத்த கார்த்திகைக்குப் பின்னர் மீண்டும் பார்ப்போம் என்றார். கயிறு பரணுக்குத் திரும்பவில்லை, கிணற்றருகில் தொங்குகின்றது.